யந்திரத்துக்கும் முத்திரை உண்டு

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. வடுகபட்டி என்றால் பூண்டு. பூண்டு என்றால் வடுகபட்டி. கொடைக்கானல் மலையில் விளையும் மலைப் பூண்டு மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கி இங்கே வந்துதான் விலை பேசப்படுகிறது. 2019-ல் அந்த மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு என்ற கௌரவம்கூடக் கிடைத்துவிட்டது. சந்தை நாளில் அந்த ஊருக்குள் போகிறவர்கள் யாரிடமும் வழி விசாரிக்க வேண்டியதில்லை. மூக்கே கொண்டு போய் விட்டுவிடும்.

அந்தச் சந்தையில் சாமான் வாங்கிப் பழகிய பெண்கள் முதலில் பூண்டைப் பார்ப்பதில்லை, தராசைப் பார்க்கிறார்கள். ஒன்றும் வைக்காதபோது பூஜ்யம் காட்டுகிறதா? முத்திரை இந்த வருஷத்து முத்திரைதானா, போன வருஷத்தியதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. மின்னணுத் தராசு வைத்திருக்கும் வியாபாரி வருஷத்துக்கு ஒரு முறை அதை முத்திரை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். அவர் சரியான எடைக்கல் ஒன்றை அதன்மேல் வைத்துப் பார்த்து, எண் ஒத்து வந்தால் முத்திரை குத்துவார். பூண்டை நிறுப்பது தராசு. தராசையே நிறுப்பது அந்தக் கல்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவதும் ஒரு தராசைத்தான். ஆனால் அதில் ஏறிப் படுப்பது நம் வீட்டு மனிதர்கள். "ஸி.டி. ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கிறாரே, அந்த யந்திரம்தான். அதற்குள்ளே இப்போது ஒரு புது மாதிரிக் குழல் வரப் பார்க்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1895-ம் வருஷம் நவம்பர் 8-ம் தேதி ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கிரணங்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் 22-ம் தேதி தம் மனைவி பெர்த்தாவின் கையை நீட்டச் சொல்லி ஒரு படம் எடுத்தார். விரல் எலும்புகள் தெரிந்தன. ஒரு விரலில் மோதிரம் வட்டமாகக் கருத்துத் தெரிந்தது. சதை மட்டும் மாயமாய் மறைந்து போயிருந்தது. உலகத்தின் பெயர் பெற்ற முதல் எக்ஸ்ரே படம் ஒரு குடும்பப் பெண்ணின் கைதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எக்ஸ்ரே படம் என்பது வெறும் நிழல். நிழலில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு முழுப் பூண்டைக் கையில் எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுவரில் உருண்டையாக ஒரு நிழல் விழும். உள்ளே எட்டுப் பல்லா, பன்னிரண்டு பல்லா, நடுவில் ஒன்று அழுகியிருக்கிறதா என்று அந்த நிழலைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முன் பல்லின் நிழல் மேல் பின் பல்லின் நிழல் விழுந்து எல்லாம் ஒன்றாகிவிடும். மண்டைக்குள் இருக்கும் மூளையைச் சாதாரண எக்ஸ்ரேயில் பார்க்க முடியாமல் போனதற்கும் இதுதான் காரணம். எலும்பின் நிழல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஆனால் பூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி நூறு பக்கத்திலிருந்து நிழல் எடுத்தால்? ஒரு நிழலில் மறைந்தது இன்னொரு நிழலில் வெளிப்படும். நூறு நிழலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பூண்டை உரிக்காமலே, குறுக்கே அரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு படம் கிடைத்துவிடும். ஸி.டி. ஸ்கேனின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் மூளையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்மணிக்கு இந்த முறையில் முதல் படம் எடுத்தார்கள். யந்திரத்தைச் செய்தவர் ஹௌன்ஸ்ஃபீல்டு. இசைத்தட்டுகளுக்குப் பெயர் போன ஈ.எம்.ஐ. கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். தென் ஆப்பிரிக்காவில் பிறந்த கார்மாக் என்பவர் இதற்குரிய கணக்கை முன்பே போட்டு வைத்திருந்தார். இருவருக்குமாக 1979-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அதே 1971-ல் நம்மவர்கள் இருவர் இந்த விஷயத்தில் ஒரு காரியம் செய்தார்கள். சென்னைச் சர்வகலாசாலையில் பல வருஷம் பௌதிகத் துறையை நடத்திவிட்டுப் பெங்களூர் சென்ற ஜி.என்.ராமச்சந்திரனும், ஏ.வி.லட்சுமிநாராயணனும் சேர்ந்து அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிழல்களைச் சேர்த்துப் படமாக்குவதற்கு அதுவரை இருந்த கணக்கு மிகவும் சுற்றுவழி. நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தாலோ, ஈரத் தரையில் போட்ட கோலம் மாதிரி எல்லாம் கசிந்து போய்விடும். ஒவ்வொரு நிழலையும் பதிப்பதற்கு முன்னால் அதன் ஓரத்தை ஒரு சின்னக் கணக்கால் சீவிக் கூராக்கிவிட்டால், பிறகு சும்மா கூட்டினாலே போதும், படம் தெளிவாக வரும் என்று இவர்கள் காட்டினார்கள். பின்னால் வந்த ஸ்கேன் யந்திரங்களில் இந்த வழி பல்லாண்டுகள் உலகமெங்கும் கையாளப்பட்டது. அந்தச் சீவுளிக்கு இன்றும் விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் "ராம்-லாக்". ராமச்சந்திரனை ராம் ஆக்கி, லட்சுமிநாராயணனை லாக் ஆக்கிவிட்டார்கள்! நம் பெயர்களின் நீளம் அவர்கள் நாக்குக்கு ஒத்துவரவில்லை போலும்.

ஆக, ஸ்கேன் படம் என்று நாம் பார்ப்பது நிஜத்தில் படமே அல்ல, எண்களின் கோலம். உடம்பின் ஒவ்வொரு சின்னப் புள்ளியும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிறது யந்திரம். தண்ணீருக்குப் பூஜ்யம். காற்றுக்குக் கழித்தல் 1,000. கொழுப்பு கழித்தல் 100-ஐ ஒட்டி வரும். கெட்டி எலும்பு 1,000-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் இந்த எண்களைத்தான் கம்ப்யூட்டர் கறுப்பும் வெளுப்புமாக மாற்றி நமக்குக் காட்டுகிறது.

எண் இரண்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தோன்றும். பக்கவாதம் வந்தவரை வைத்துப் பார்த்தால் தெரியும். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க வராமல், பேச்சுக் குழறி ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். காரணம் இரண்டில் ஒன்று. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது ஒரு குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. அடைப்பானால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து போடலாம். கசிவானால் அதே மருந்து ஆளையே கொன்றுவிடும். இந்த இரண்டையும் உடனே பிரித்துச் சொல்வது ஸ்கேன்தான்.

எதை வைத்துச் சொல்கிறது? மூளையின் எண் 25 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தத்தின் எண் 60, 70. அடைப்பினால் ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் பகுதியோ முதல் சில மணி நேரத்தில் வழக்கமான எண்ணிலிருந்து ஏதோ சிலவே இறங்கியிருக்கும். காற்றிலிருந்து எலும்பு வரை இரண்டாயிரத்துக்கு மேல் நீளும் அளவுகோலில், உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது இந்த இருபது முப்பது எண்கள்தான். தராசு ஓர் இடத்தில் கூட்டியும் ஓர் இடத்தில் குறைத்தும் காட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வடுகபட்டிச் சந்தையில் நாற்பது வருஷம் பூண்டு வியாபாரம் பார்த்த என் பெரியம்மா, பெரியப்பாவை இப்படித்தான் ஒரு விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பெரியப்பாவை யந்திரத்தின் மேஜையில் படுக்க வைத்தார்கள். அந்த அவசரத்திலும் பெரியம்மாவுக்கு வியாபாரப் புத்தி போகவில்லை. யந்திரத்தை இயக்க வந்த பையனை நிறுத்திக் கேட்டாள்:

"ஏய்யா தம்பி, இந்த மிசினுக்கு முத்திரை குத்தியிருக்கா?"

பையன் சிரிக்கவில்லை. "தெனமும் காலையில தண்ணிய வச்சு நிறுத்துப் பாத்துருவோம் அப்பத்தா. தண்ணிக்குப் பூஜ்யம் காட்டுனாத்தான் ஆளப் படுக்கவைப்போம்" என்றான்.

"அப்பச் சரி" என்று பெரியம்மா வெளியே வந்து உட்கார்ந்தாள். பெரியப்பாவுக்கு அடைப்புத்தான். மருந்து போட்டார்கள். இப்போது தடியை ஊன்றிக்கொண்டு நடமாடுகிறார்.

பெரியம்மா கேட்டதை விடச் சரியான கேள்வியை எந்த விஞ்ஞானியும் கேட்டிருக்க முடியாது. பையன் சொன்ன பதிலும் நூற்றுக்கு நூறு சரி. காலையில் யந்திரத்தை முடுக்கியதும் முதலில் குழலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுவார்கள். பிறகு நடுவில் ஒன்றும் வைக்காமல் வெறும் காற்றை ஒரு முறை படம் எடுப்பார்கள். யந்திரத்தின் வளையத்தில் எக்ஸ்ரேயை வாங்கிக்கொள்ளும் நூற்றுக்கணக்கான சின்னக் கண்கள் உண்டு. அத்தனையும் ஒரே மாதிரி பதில் சொல்கின்றனவா என்று இதில் தெரிந்துவிடும். ஒரு கண் தப்பாகச் சொன்னாலும் படத்தில் வட்டம் வட்டமாகக் கோடு விழுந்து, இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டும்.

பிறகுதான் தண்ணீர். பெரிய டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் உருளை; உள்ளே சுத்தமான தண்ணீர். தலை வைக்கிற இடத்தில் அதை வைத்துப் படம் எடுப்பார்கள். எண் பூஜ்யம் வர வேண்டும். பொதுவாக நாலைந்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. நடுவிலும் ஓரத்திலும் ஒரே எண்ணாக வர வேண்டும். தண்ணீரை ஏன் எடுத்துக்கொண்டார்கள்? உலகத்தில் எந்த ஊரில் எடுத்தாலும் சுத்தத் தண்ணீர் ஒரே தண்ணீர்; அதற்கு விலையும் இல்லை, கம்பெனியும் இல்லை. நம் உடம்பிலும் பெரும் பங்கு தண்ணீர்தானே! பரிசோதனைக்குத் தண்ணீரைப் போல நேர்மையான எடைக்கல் வேறு கிடையாது.

இது தினப்படிக் காரியம். இதற்கு மேல் பெரிய பரிசோதனை ஒன்றும் உண்டு. பாலித்தீன், அக்ரிலிக், எலும்பைப் போன்ற ஒரு கெட்டிப் பொருள் என்று பல துண்டுகள் பதித்த உருளையை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எண் வருகிறதா என்று பார்ப்பார்கள். தலைக்கு 16 சென்டிமீட்டர், உடம்புக்கு 32 சென்டிமீட்டர் அகலமுள்ள அக்ரிலிக் உருளைகளில் பேனா போன்ற ஓர் அளவுமானியைச் செருகி, யந்திரம் எவ்வளவு கதிரைக் கொடுக்கிறது என்றும் அளப்பார்கள். நம் நாட்டில் இதற்கெல்லாம் மேலதிகாரி, 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மும்பையில் இருக்கிறது. அதன் உரிமம் இல்லாமல் எந்த ஊரிலும் ஸ்கேன் யந்திரத்தை ஓட்டக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது முழுப் பரிசோதனை நடத்தியாக வேண்டும். ஏதாவது பழுது பார்த்தால் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் இதே விதிதான். சென்னையின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் இதே விதிதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 2008 பிப்ரவரியில் மூளை ஸ்கேனுக்கான கதிரின் அளவை நிர்ணயிக்கும் அமைப்பை மாற்றினார்கள். மாற்றியதில் தவறு நேர்ந்துவிட்டது. கொடுக்க வேண்டியதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு கதிர் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 206 நோயாளிகள் அந்த யந்திரத்தில் படுத்து எழுந்தார்கள். 2009-ல் ஒரு நோயாளி, "எனக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே!" என்று வந்து முறையிட்ட பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஸ்கேன் யந்திரங்கள் தாம் கொடுக்கும் கதிரின் அளவைத் திரையில் எண்ணாகக் காட்டக்கூடியவை. யந்திரம் வாயைத் திறந்து சொன்னாலும் கேட்பதற்கு ஒரு மனிதன் வேண்டும்.

இனிப் புதுக் குழலுக்கு வருவோம். ராண்ட்ஜன் காலத்துக்குச் சில வருஷங்களுக்குப் பின்னாலிருந்து இன்று வரை எக்ஸ்ரே குழலின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஒரு பக்கம் டங்ஸ்டன் கம்பி. மின்சார பல்பில் இருக்குமே, அதே ஜாதி. அதை 2,000 டிகிரிக்கு மேல் காய்ச்சுவார்கள். இட்லிப் பானையிலிருந்து ஆவி கிளம்புகிற மாதிரி அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். லட்சம் வோல்ட் அளவில் மின்சாரத்தைக் கொடுத்து அவற்றை இழுத்து எதிரே இருக்கும் உலோகத் தட்டில் மோதவிட்டால் எக்ஸ்ரே பிறக்கும். ஆனால் செலவழித்த சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் எக்ஸ்ரே; மீதி 99 பங்கு வெறும் சூடு. ஒரு படி பால் காய்ச்சி ஓர் உழக்கு ஆடைகூடத் தேறாத கதைதான்.

எலெக்ட்ரானைக் காய்ச்சாமலே வெளியே இழுக்க முடியாதா? முடியும், முனை போதிய அளவு கூராக இருந்தால். கோயில் கோபுரத்தின் மேல் இடிதாங்கியைக் கூராக வைப்பது ஏன்? மின்சாரத்தின் பலம் கூரான முனையில்தான் வந்து குவிகிறது. அப்படியானால் அவ்வளவு கூரான முனை எது?

அதுதான் கார்பன் நானோகுழாய். அடுப்புக் கரியில் இருக்கும் அதே கார்பன் அணுக்கள் பாயைச் சுருட்டின மாதிரி சுருண்டு குழாயாக நிற்கின்றன. "நானோ" என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அப்படி ஒன்றிலிருந்து சில பத்து வரைதான் அதன் பருமன். நம் தலைமயிர் ஒன்றைக் குறுக்கே ஆயிரக்கணக்கில் பிளந்தாலும் இவ்வளவு மெலிதாக வராது. 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி இஜிமா இதைப் பற்றி எழுதிய பிறகு உலகமே இதன்மேல் கண்ணை வைத்தது.

இந்தக் குழாய் நமக்கும் தூரத்து உறவு இல்லை. வடுகபட்டிப் பக்கத்து வராக நதி போய்ச் சேரும் வைகை, மதுரையைத் தாண்டிக் கீழடி வழியாகப் போகிறது. அந்தக் கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சை வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது அதில் கார்பன் நானோகுழாய்கள் இருக்கக் கண்டார்கள். "ஸயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்" என்ற சஞ்சிகையில் 2020-ல் அது வெளியாயிற்று. பானைகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்கிறது அந்தக் கட்டுரை. சூளைத் தீயில் தற்செயலாகப் பிறந்தவை அவை. வைகைக் கரைக் குயவருக்குத் தாம் செய்தது இன்னதென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் 2,500 வருஷத்துக்கும் மேல் அந்தப் பூச்சு பெயர்ந்து போகாமல் நின்றிருக்கிறது.

இன்றைய விஞ்ஞானிகள் இதே குழாய்களை வேண்டுமென்றே வளர்த்து, எக்ஸ்ரே குழலில் டங்ஸ்டன் கம்பி இருந்த இடத்தில் பதிக்கிறார்கள். நாற்று நட்ட வயல் மாதிரி கோடிக்கணக்கான முனைகள். மின்சாரத்தைக் கொடுத்ததும் காய்ச்சாமலே எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. நிறுத்தியதும் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் வட கரோலினா சர்வகலாசாலையில் ஆட்டோ ஜோ என்பவரின் குழு 2002-ம் வருஷத்திலிருந்து இதில் முன்னணியில் நிற்கிறது. சுண்டெலியின் இதயம் துடிக்கும் வேகத்துக்கு ஈடு கொடுத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே நிலையில் படம் எடுத்துக் காட்டினார்கள் அவர்கள். காய்ச்சிய கம்பியைக்கொண்டு அவ்வளவு லாகவமாக ஏற்றி இறக்குவது சிரமம். மோதும் தட்டில் உண்டாகும் சூடு மட்டும் பழையபடியே இருக்கிறது. அதற்கு இந்தக் குழாய்களும் பரிகாரம் அல்ல.

இதில் பெரிய லாபம் வேறொன்று. இப்போதைய ஸி.டி. யந்திரங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு குழல்தான். நூறு பக்கத்திலிருந்து நிழல் வேண்டுமே. அதற்காகப் பல நூறு கிலோ எடையுள்ள அந்தச் சட்டம் நம் தலையைச் சுற்றி ஒரு விநாடியில் இரண்டு மூன்று தரம்கூடச் சுழல்கிறது. புதுக் குழல்கள் சிறியவை, வரிசையாக அடுக்கிவிடலாம். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் பந்தலைச் சுற்றி விளக்குகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுவது வெளிச்சம்தான், பல்பு ஒவ்வொன்றும் கட்டின இடத்திலேயே இருக்கிறது. அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் குழல்கள் மின்னி மின்னி அணைந்தால், எதையும் சுற்றாமலே பல பக்க நிழலும் கிடைத்துவிடும். பெண்களின் மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க 31 முனைகளிலிருந்து எக்ஸ்ரே வரும் ஒரு யந்திரத்தை வட கரோலினாக் குழு செய்து பார்த்தது. யந்திரம் அசையாததால் படமும் அலுங்குவதில்லை.

சுற்றும் சட்டம் போனால் எடையும் போகும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து மைக்ரோ-எக்ஸ் என்ற கம்பெனி, இந்தக் குழலை வைத்துப் படுக்கைக்குப் படுக்கை தள்ளிப் போகக்கூடிய லேசான எக்ஸ்ரே யந்திரத்தை விற்பனைக்கே கொண்டு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வண்டியிலேயே வைக்கக்கூடிய தலை ஸ்கேன் யந்திரம் ஒன்றுக்கும் அங்கே முயற்சி நடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் குமுளி ரோட்டின் கடைசியில் இருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நாலரை மணி நேரத்தில் பாதி ரோட்டிலேயே கரைந்துவிடுகிறது. ஸ்கேனே வாசலுக்கு வந்தால் எத்தனை கை கால்கள் பிழைக்கும்!

ஆனால் நம் பெரியம்மாவின் கேள்வி இங்கேதான் முன்னைவிடப் பலமாக எழுகிறது. ஒரு குழல் இருந்தபோது ஒரு தராசு. முப்பத்தொரு குழல் என்றால் முப்பத்தொரு தராசு! பந்தல் விளக்குகளில் ஒன்று மங்கினால் திருவிழாவுக்குக் குறைவில்லை. இங்கே ஒரு குழல் மங்கினால் அந்தப் பக்கத்து நிழல் பொய் சொல்லும். ஒரு பாத்தியில் எல்லா நாற்றும் ஒரே உயரம் வளர்வதில்லை அல்லவா? இந்த முனைகளும் அப்படித்தான். சில முனைகள் அதிகம் உழைத்துச் சீக்கிரம் தேயும்; சில சோம்பி நிற்கும். ஆகவே ஒவ்வொரு குழலும் எவ்வளவு கதிர் கொடுக்கிறது என்று தனித்தனியே அளந்து, பலவீனமானதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் எரியவிட்டுச் சமப்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குகூடப் பிசகாமல் யந்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் நிழல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் படம் கலங்கும். இடம் அறிந்த சின்ன உலோகக் குண்டுகளைப் பதித்த ஓர் உருளையைப் படம் எடுத்துப் பார்த்து இதைச் சரிசெய்கிறார்கள். குளிர்சாதன அறையில் குந்தியிருக்கும் யந்திரத்துக்கே தினம் தண்ணீர்ப் பரீட்சை வேண்டியிருக்கும்போது, மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டு வரும் யந்திரத்துக்கு எத்தனை பரீட்சை வேண்டும்! புதுக் குழல் நம் ஊர் வரும் நாள், குழலைச் செய்கிறவர்களை மட்டும் பொறுத்ததில்லை. அதை வைத்து நிறுத்துப் பார்க்கத் தெரிந்த ஆட்களையும் பொறுத்தது.

நாம் வீட்டிலிருந்து செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. தலை ஸ்கேன் ஒன்றில் கிடைக்கும் கதிர், மார்பு எக்ஸ்ரே உத்தேசமாக நூறு எடுப்பதற்குச் சமம். பயந்துவிட வேண்டாம். நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய அவ்வளவு வந்து சேரத்தான் செய்கிறது. ஆகவே பக்கவாதம், அடிபட்டது போன்ற சமயத்தில் டாக்டர் சொன்னால் ஒரு நிமிஷம்கூடத் தயங்கக் கூடாது. சாதாரணத் தலைவலிக்கு, "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்களேன்" என்று நாமாக டாக்டரை நச்சரிக்கவும் கூடாது.

கர்ப்பமாக இருந்தாலும், இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலையைப் படம் எடுப்பதானால் தோடு, மூக்குத்தி, ஜடைப்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உலோகம் குறுக்கே வந்தால் படத்தில் கோடு கோடாக இழுத்துவிடும். தாலியை எல்லா ஸ்கேனுக்கும் கழற்ற வேண்டும் என்பதில்லை. படம் எடுக்கும் இடத்தில் வந்தால் மட்டும்தான். குழந்தைக்கு எடுத்தால், "குழந்தைக்குரிய அளவு வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பழைய படங்களைப் புடவைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். அவை இருந்தால் புதிதாக எடுக்க வேண்டிய அவசியமே சில சமயம் இருக்காது.

இன்னும் ஒன்று. "யந்திரத்துக்கு உரிமம் இருக்கிறதா? கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்?" என்று தாராளமாகக் கேட்கலாம். ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியில் கோபம் வராது, சந்தோஷந்தான் வரும். கால் கிலோ பூண்டுக்கு முத்திரையைத் திருப்பிப் பார்க்கும் சாமர்த்தியம் நமக்கு இருக்கும்போது, கட்டினவனும் பெற்ற பிள்ளையும் ஏறிப் படுக்கிற தராசை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவானேன்?